வெளிவட்டம்

ஒரு வார்த்தை பேசிவிடு மகளே என்று மனசு ஒரு பக்கம் கெஞ்சியது. இங்கே வைத்துப் பேசிவிடாதே என்று அதே மனசு அதே மூச்சில் பதறியது. இரண்டில் எது மாதாவின் காதுக்கு எட்டியிருக்கும் என்று சலேத்துக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பச்சை விரிப்பில் அவள் மகள் வடிவு உட்கார்ந்திருந்தாள், மூன்று வயதை நெருங்கியும் இதுவரை யார் காதிலும் ஒரு சொல் விழ விடாத வடிவு, அழும்போது மட்டும் தொண்டையைத் திறக்கிற வடிவு, ஒரு ரப்பர் பொம்மையின் மொட்டைத் தலையை வருடிக்கொண்டு. அவளுக்கு அது முகம் பார்க்கிற கண்ணாடி, இவர்களுக்கு ஜன்னல். அப்படித்தான் சொல்லி உட்காரவைத்திருந்தாள் தமயந்தி, பாளையங்கோட்டையில் பேச்சு வராத பிள்ளைகளைப் பார்க்கிற பெண், சலேத்தைவிடச் சின்னவளாக இருப்பாள், ஆனால் கேள்வி கேட்கிறபோது மட்டும் வயது கூடிவிடுகிறது அவளுக்கு. "அவளால உங்களைப் பாக்க முடியாது. உள்ள நடக்குறது இந்த ஸ்பீக்கர்ல கேக்கும்," என்று ஒரு கறுப்புப் பெட்டியைக் காட்டிவிட்டு உள்ளே போயிருந்தாள். பக்கத்து நாற்காலியில் பிரமு மதினி, கணவனின் அக்கா, மடியிலிருந்த பிளாஸ்கை இரண்டு கையாலும் பிடித்தபடி, "கேக்கதுக்கு அவ மொதல்ல பேசணும்லா," என்றாள். கேலியாகச் சொன்னாளா, கவலையாகச் சொன்னாளா? மதினியின் பேச்சில் அந்த இரண்டும் எப்போதும் ஒரே பாத்திரத்தில்தான் கொதிக்கும், எது எது என்று பிரித்து இறக்க முடியாது. "காது நல்லாருக்குன்னு எழுதித் தந்துட்டாவ. தொண்டையில ஒண்ணுமில்லேன்னுட்டாவ. இவளும் ஒண்ணுமில்லேன்னு சொல்லிட்டா கோளாறு வளப்புலதான? பொறவு பிள்ள என்கிட்ட இருக்கட்டும்டி. எங்கூடத் தூங்கட்டும், எங்கூடத் திங்கட்டும். நீ விட்ட படிப்பப் போய்ப் படி. தப்பா எடுத்துக்கிடாத." தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இருப்பதற்கு எத்தனை பழகிவிட்டாள் சலேத், தலையை எந்த அளவுக்கு ஆட்டினால் சம்மதம் போலவும் இருக்கும், சம்மதமாகவும் ஆகாது என்பது கழுத்துக்கே மனப்பாடம். ஆக, பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்றால் பேச்சு போயிற்று. குறை இல்லையென்றால் பிள்ளை போயிற்று. தமயந்தி உள்ளே படஅட்டைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினாள். இது என்ன? இது என்ன? வடிவு அட்டையைப் பார்த்தாள், தமயந்தியின் வாயைப் பார்த்தாள், பொம்மையிடம் திரும்பிக்கொண்டாள்.

விட்ட படிப்பு என்று மதினி சொன்னது இதைத்தான், இந்தப் பேச்சைத்தான், பேச்சு எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்கிற மொழியியலைத்தான். சிரிப்பு வந்தது, சிரித்தால் அழுதுவிடுவோம் என்று கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டாள். பல்கலைக்கழகத்தில் முதல் நாள் வகுப்பில் சார் பலகையில் ஒரு புள்ளி வைத்து அதைச் சுற்றி ஒரு வட்டம், அதைச் சுற்றி இன்னொன்று என்று போட்டுக்கொண்டே போனார். நடுவில் ஒலி. அடுத்த வட்டம் சொல். அடுத்தது வாக்கியம். அதைச் சுற்றிப் பொருள். அதற்கும் வெளியே, பலகையின் ஓரத்தை இடித்துக்கொண்டு, சாக்கட்டி தேய்ந்து மங்கலாக விழுந்த கடைசி வட்டத்தில் சமூகம் என்று எழுதினார். யார் யாரிடம் எப்படிப் பேசுகிறார்கள், எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்தக் கரை, எல்லாம் அங்கே. "அது சட்டை மாதிரி. கழட்டி மாட்டலாம். உள்ள இருக்கிற உடம்பு மாறாது," என்றார். எவ்வளவு ஆறுதலாக இருந்தது அது. கடற்கரையிலிருந்து வந்த பெண்ணுக்கு, வகுப்பில் வாய் திறப்பதற்கு முன் ஒவ்வொரு சொல்லையும் மோந்து பார்த்து வெளியே விடுகிறவளுக்கு, எல்லாம் சட்டைதான் என்று ஒருவர் சொன்னால் போதாதா. இப்போது அந்த வட்டங்களை வைத்துக்கொண்டுதான் ராத்திரியெல்லாம் பிள்ளையைக் குடைந்துகொண்டிருக்கிறாள். ஒலியிலா அடைப்பு? இல்லை, கதவு சாத்தினால் திரும்புகிறாள், மழையைக் கேட்கிறாள். சொல்லிலா? செருப்பைக் கொண்டா என்றால் கொண்டு வருகிறாள், அப்பா செருப்பு என்றால் அதையே சரியாக. வாக்கியம்? பொருள்? எல்லாம் உள்ளே போகிறது, எதுவும் வெளியே வருவதில்லை. உள்ளே போவதெல்லாம் எங்கே போய்ச் சேருகிறது? ஒரு கிணற்றில் கல் போட்டுக் காதை வைத்துக்கொண்டு நின்றால், கல் விழவே இல்லையென்றால், அந்தக் கிணறு எவ்வளவு ஆழம் என்று நினைப்பது. போனில் பார்த்த வீடியோக்களில் வெள்ளைக்கோட்டு டாக்டர்கள் அடையாளம் அடையாளமாக அடுக்கினார்கள், கண்ணைப் பார்க்காத பிள்ளை, ஒரே பொருளைச் சுழற்றுகிற பிள்ளை, அன்றைக்கு வடிவு சக்கரம் ஒன்றைச் சுழற்றினாள், சலேத் கையிலிருந்த தோசைக்கரண்டியோடு அடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள், பிறகு எல்லாப் பிள்ளையும்தானே சக்கரத்தைச் சுழற்றும் என்று எழுந்தாள், பிறகு மறுபடியும் உட்கார்ந்தாள்.

சட்டை என்றால் அதைச் சலேத் முதலில் கழற்றியது கான்வென்ட்டில். கடற்கரைப் பிள்ளைகள் எல்லாம் போர்டிங், நகரத்துப் பிள்ளைகள் வீட்டிலிருந்து வருவார்கள். கரையில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை, காற்றையும் அலையையும் தாண்டிப் போகவேண்டுமே, உப்புக் கேட்பதற்கே ஊரைக் கூட்டுவார்கள். அந்தக் குரலோடு வகுப்பில் போய் நின்றாள். "ஆர் யூ காலிங் அ ஷிப்?" என்று சிஸ்டர் கேட்டதும் வகுப்பே சிரித்தது, தமாஷ் புரியாமல் அவளும் கூடச் சிரித்தாள். உச்சரிப்புப் பயிற்சிக்குப் பல்லுக்கு நடுவில் பென்சிலைக் கடித்துக்கொண்டு வாசிக்கவேண்டும், எச்சில் ஒழுக ஒழுக. தமிழ் பேசினால் ஜெபமாலை முடிகிறவரை முட்டிக்கால். அதனால் தமிழ் டெஸ்க்குக்கு அடியில் போயிற்று, கழிவறை வரிசைக்குப் போயிற்று, விளக்கணைந்த பிறகு அடுத்த கட்டிலின் காதுக்குப் போயிற்று. குரலை எடுத்துவிட்டு மூச்சை மட்டும் வைத்துக்கொண்டு பேசப் பழகினார்கள், அதில் தனி ருசிகூட இருந்தது. அப்புறம் படிப்பு, அப்புறம் குற்றாலம், பல்கலைக்கழக நூலகத்தில் அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, பிறகு தாலியும் கட்டிய குற்றாலம், அவனுக்காக ஒரு சட்டை. கடலோர மக்கள் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ச்சி செய்யப்போகிறேன் என்று ஒரு தடவை ரெக்கார்டரோடு சொந்த ஊருக்கே போனாள். அம்மா அதைப் பார்த்ததும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பூசையில் வாசகம் வாசிக்கிற குரலில், "எமது ஊரின் பெயர்..." என்று தொடங்கினாள். "எம்மா, சாதாரணமாப் பேசும்மா." "சாதாரணமாத்தான் பேசிக் கொண்டிருக்கிறேன்." அடுத்த வீட்டு ரெஜினாம்மா எட்டிப் பார்த்து, "வணக்கம் நேயர்களே," என்றாள். மிஷினை அணைத்த பிறகு, காற்றையும் மீனையும் அண்ணன் கடலுக்குக் கொண்டுபோகிற வள்ளத்தையும் பற்றி, அணைத்ததற்காகவே காத்திருந்த மாதிரி, கொட்டு கொட்டென்று கொட்டினாள் அம்மா. ஒன்றும் பதிவாகவில்லை.

மதினி பொல்லாதவள் இல்லை. அப்படி இருந்தால் வசதியாக இருந்திருக்கும், பயத்துக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். கல்யாணத்தன்றைக்கு ஊரே முகத்தைத் திருப்பிக்கொண்டபோது ஆரத்தி எடுத்தவள் அவள்தான். பெண்கள் பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர், லகரம் ளகரத்துக்குப் பிரம்பு எடுக்கிறவள், வயிற்றில் பிள்ளை தங்காமலே புருஷனைப் பறிகொடுத்து, தம்பி வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டவள். வடிவு பிறந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு, தொட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, சத்தமில்லாமல், ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்: "உங்க அம்ம வரட்டும், போட்டும், ஒரு கொறையும் இல்ல. ஆனா பிள்ளைக்குப் பேச்சு ஊன்றுத வரைக்கும் அந்தக் கடக்கரப் பேச்சு அது காதுல விழவேண்டாம். ஒருக்கா நாக்குல ஏறிட்டுன்னா எறங்காது. நாளைக்குப் பிள்ளையத்தான சொல்லிக் காட்டுவாவ, நம்மளையா சொல்லிக் காட்டப் போறாவ?" குற்றாலம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றான். சலேத் சரி என்றாள். அவள் படித்த படிப்புக்கே அது சரியென்றுதான் பட்டது. அன்றிலிருந்து பிள்ளையிடம் அளந்து பேசினாள், இதோ பால், குடி கண்ணே, இது நிலா, பாட்டுப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டிய மாதிரி ஒவ்வொரு சொல்லையும் துடைத்து வைத்தாள். மதினி அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொண்டு பேசுகிற பேச்சில் எவ்வளவு உயிர் இருக்கும். அதனால் அம்மாவின் போன் வந்தால் குளியலறை. பிள்ளை இடுப்பை விட்டு இறங்காது, அதையும் தூக்கிக்கொண்டு போய், தாழ்ப்பாள் போட்டு, பக்கெட்டில் குழாயைத் திறந்துவிட்டு, போனைத் துண்டுக்குள் சுற்றி, அந்தப் பக்கம் கடலைத் தாண்டிக் கூப்பிடுகிற அம்மாவிடம் இந்தப் பக்கம் மூச்சால் பேசினாள். கச்சான் காத்து எடுத்திருக்காம்மா? அண்ணன் போயிருக்கானா? வள்ளம் வந்துட்டா? பிள்ளை சிணுங்கினால் அதையும் அதே மூச்சால்தான் தேற்றினாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், குழாய் ஓடுகிற நேரம் மட்டும் சலேத் சலேத்தாக இருந்தாள். அந்த நேரங்களில் அவள் கழுத்தில் பிள்ளையின் வாய் பதிந்திருக்கும், சூடாக, ஈரமாக, விட்டுவிட்டு மூச்சுப் படும்; ஊதி விளையாடுகிறாள் கழுதை என்று நினைத்துக்கொள்வாள். மதினிக்குக் கொடுத்த வாக்கை மீறியதாக அவள் கணக்கில் சேரவில்லை. கிசுகிசுப்பது பேச்சா என்ன?

தமயந்தி அட்டைகளை அடுக்கிவைத்துவிட்டு இந்தப் பக்கம் வந்தாள். "கொஞ்ச நேரம் தனியா விட்டுப் பாப்போம்," என்றாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் பிளாஸ்கின் மூடி திறந்து மூடியது, மின்விசிறி ஒரு சுற்றுக்கு ஒரு தடவை தட்டியது, அந்தத் தட்டலுக்குள் சலேத் ஒரு ஜெபத்தைத் தொடங்கித் தொடங்கிப் பாதியில் விட்டாள். ஆயாம்மா ஒருத்தி உள்ளே போய், மூலையிலிருந்த வாஷ்பேசினில் பொம்மைகளைப் போட்டுக் குழாயைத் திறந்தாள். ஸ்பீக்கரில் தண்ணீர் இரைந்தது. வடிவு தலையை நிமிர்த்தினாள். எதையோ உறுதி செய்துகொள்கிறவள் போல ஒரு தடவை கதவைப் பார்த்தாள். அப்புறம் ரப்பர் பொம்மையைத் தூக்கி இடுப்பில் வைத்து, இடுப்பில் வைக்கிறபோது சலேத் செய்வதுபோலவே ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு, அதன் காதில் வாயை வைத்தாள். "வாய் அசையுது," என்றாள் தமயந்தி. "அது சும்மா முத்தங் குடுக்கா," என்றாள் மதினி. "இல்லை. பாருங்க." தமயந்தி உள்ளே ஓடிப்போய் ஆயாம்மாவின் தோளைத் தொட்டுத் தண்ணீரைப் பாதியாகக் குறைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி ஓடிவந்து ஸ்பீக்கரின் திருகைக் கடைசி வரைக்கும் திருகினாள். இரைச்சல் அறையை நிறைத்தது, நாற்காலி அதிர்ந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில், மணலுக்கடியில் நண்டு ஓடுகிற மாதிரி, ஒரு மூச்சு. "அழாத மக்கா. கச்சான் அடிக்கில்லா. மாமன் வள்ளம் வந்துரும். அழாத, வந்துரும்." சலேத்தின் கை தானாகப் போய்த் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டது, வாய் பதிகிற அந்த இடத்தை. ஊதவில்லை. ஒரு நாளும் ஊதவில்லை அவள். இத்தனை மாதமாகக் கழுத்தில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள், பேச்சைப் படித்தவளின் கழுத்தில், தண்ணீர்ச் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. படித்த மூளை வெட்கங்கெட்டு எண்ணத் தொடங்கிற்று: சொல் இருக்கிறது, வாக்கியம் இருக்கிறது, அழவேண்டாம் என்பதற்குக் காரணம் சொல்கிறாள், காரணத்துக்குப் பின்னால் ஆறுதல் சொல்கிறாள், யாரிடம் எப்படிப் பேசவேண்டும் என்பதுகூடத் தெரிந்திருக்கிறது. எல்லா வட்டமும் இருக்கிறது. நடுவில் இருக்கவேண்டிய சத்தம் மட்டும் இல்லை. கடைசி வட்டம், அந்த மங்கலான வட்டம், பலகையின் ஓரத்திலிருந்து உள்ளே நடந்து வந்து பிள்ளையின் தொண்டைக்குள் நின்றுகொண்டிருந்தது. சட்டை என்றாரே சார்.

மதினி எழுந்து நின்றுவிட்டாள், பிளாஸ்க் உருண்டது. "ஏட்டி, பேசுதாளே. நம்ம பிள்ள பேசுதாளே," என்று சலேத்தின் கையைப் பிடித்தாள், கண்ணில் தண்ணீர், உண்மையான தண்ணீர், அந்த ஒரு நொடிக்காக அவளை என்றைக்கும் வெறுக்கமுடியாது என்று சலேத்துக்குத் தோன்றியது. அடுத்த நொடி பிடி தளர்ந்தது. கேட்ட சொற்கள் இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. "கச்சானா?" என்றாள் மதினி. "அது யாரு பேச்சு?" தமயந்தி சலேத்தை மட்டும் பார்த்தாள். "வீட்ல ரகசியமா யாராவது பேசுவீங்களா? தண்ணி ஓடுற இடத்துல?" இல்லை என்று சொல்லிவிடலாம். எங்கேயாவது டிவியில் கேட்டிருப்பாள் என்று சொல்லிவிடலாம். சொன்னால் இன்றைக்கு ராத்திரி பிள்ளை தன் பக்கத்தில் தூங்கும், நாளைக்கும் தூங்கும், என்றைக்கும் மூச்சாலேயே பேசும். "குழந்தைக்கு மொழியில ஒண்ணும் குறைவில்லை. அவ வயசுக்கு நல்லாவே பேசுறா," என்றாள் தமயந்தி. "பேச்சுன்னா இவ்வளவு சத்தம்தான் போடணும்னு கத்துக்கிட்டிருக்கா. இதுக்கு மேல போனா ஏதோ ஆயிடும்னு பயப்படுறா. அவகிட்ட இப்படிப் பேசுறவங்க யாரோ, அவங்க போய் இதே பேச்சைச் சத்தமாப் பேசணும். இப்பவே. இவ இந்த நெனப்புல இருக்கும்போதே." மதினி கீழே குனிந்து பிளாஸ்கை எடுத்தாள், மூடியைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள். "போ," என்றாள் கடைசியில், முகம் பார்க்காமல். "மொதல்ல பேசட்டும். எப்பிடியோ பேசட்டும். பொறவு திருத்திக்கிடலாம்." அந்தப் பொறவு என்கிற சொல்தான் சலேத்தின் முதுகில் கையை வைத்துத் தள்ளியது, அல்லது அந்தச் சொல்லிடமிருந்து தப்பித்து ஓடினாள், எதுவென்று யோசிப்பதற்குள் கதவைத் திறந்திருந்தாள்.

உள்ளே சுவரெல்லாம் மெத்தை ஒட்டியிருந்தது, காலடிச் சத்தம்கூட விழவில்லை. ஆயாம்மா குழாயை மூடிவிட்டு வெளியே போனாள். வடிவு உடனே வாயை மூடிக்கொண்டாள். சலேத் விரிப்பில் முட்டிபோட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தாள். "என்ன கண்ணே, பொம்மையோடு விளையாடுகிறாயா?" என்றுதான் வந்தது, பாட்டுப் புத்தகத்துத் தமிழ், பென்சில் கடித்த பல். நாக்குக்கு வேறு வழி மறந்துபோயிருந்தது. எதிரில் கண்ணாடி, அதில் நெற்றியில் வேர்த்த ஒரு பெண்ணும் ஒரு சின்ன முதுகும்; அந்தப் பெண்ணுக்குப் பின்னால் மதினியின் கண் இருக்கிறது, தெரியவில்லை, தெரியாததால் எல்லா இடத்திலும் இருக்கிறது. இப்போது பேசினால் அது பதிவான மாதிரிதான், அழிக்கமுடியாது, இனி எந்தத் துண்டாலும் எந்தத் தண்ணீராலும் மூடமுடியாது, அம்மாவின் போன், அண்ணனின் வள்ளம், தாழ்ப்பாள் எல்லாம் வெளிச்சத்துக்கு வந்துவிடும், பிள்ளை பேசிய பிறகும் பிள்ளையை எடுத்துக்கொள்ள மதினிக்கு நல்ல காரணமாகவே ஆகிவிடும். வடிவு பொம்மையைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தாள், அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்கிற பார்வை, பெரிய மனுஷியின் பார்வை. சலேத் கண்ணை மூடிக்கொண்டாள். "ஏ மக்கா," என்றாள். மூச்சுதான் வந்தது. மறுபடியும், வயிற்றிலிருந்து இழுத்து, "ஏ மக்கா. இங்கன பாருளா," என்றாள், மெத்தைச் சுவர் சத்தத்தைத் தின்றது, அதனால் இன்னும் கூட்டினாள். "அந்தப் பிள்ள என்னத்துக்கு அழுவுது? அழவேண்டாம்னு சொல்லு. மாமன் வந்துட்டான். வள்ளம் நெறைய சாளை." கண்ணைத் திறந்தபோது பிள்ளையின் முகத்தில் சிரிப்பு இல்லை. பயம், இவள் முகத்தை அச்செடுத்து ஒட்டின மாதிரி. வடிவு கதவைப் பார்த்தாள், மூடிக்கிடந்த குழாயைப் பார்த்தாள், எழுந்து வந்து உள்ளங்கையால் அம்மாவின் வாயைப் பொத்தினாள். சலேத் நிறுத்தவில்லை, விரல்களுக்குள் பேசினாள், கச்சான் நின்னுட்டு, கடல் சும்மா கெடக்கு, ஆச்சி உன்னக் கேட்டா. இரண்டு கையையும் சேர்த்து அழுத்திக்கொண்டு, நெற்றியைச் சுளித்து, வடிவு முதல் தடவையாகக் குரலெடுத்தாள். கரகரத்த, தடித்த, அலையைத் தாண்டிப் போகிற குரல். "சத்தங்காட்டாதம்மா. அத்தைக்குக் கேட்டுரும்."

அந்தப் பக்கம் ஸ்பீக்கரின் திருகு கடைசி வரைக்கும் திருகினபடியே இருந்தது. சலேத் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "கேக்கட்டும் மக்கா," என்றாள், நடுங்குகிற குரலில், அழுத்தியிருந்த விரல்களின் இடுக்கு வழியாக.